உஷார்! ஆமைத் தொட்டியில் எறும்பு ஏறுகிறது

வீட்டில் ஆமை வளர்க்கிறீர்களா? இன்று ராத்திரி படுக்கப் போவதற்கு முன்னால் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தொட்டியைச் சுற்றி ஒரு தடவை பாருங்கள். தொட்டியின் அடியில் பாருங்கள். சுவரோரம் பாருங்கள். ஃபில்டர் வயர் மேல் பாருங்கள். ஒரு வரிசை எறும்பு தெரிந்தாலும் போதும், இதை அப்புறம் படிக்கலாம். முதலில் ஆமையை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். பயப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆமை வளர்ப்பவர்களுக்குக் காக்கா என்றால் பயம். பூனை என்றால் பயம். மேலே கம்பி வலை போட்டு, வலை மேல் செங்கல்லும் வைத்திருப்பார்கள். எறும்பைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதுக்குத்தான் ஓடு இருக்கே, எறும்பு என்ன பண்ணிடும்?" என்பார்கள். எத்தனையோ குட்டிகள் செத்துப்போவது இந்த ஒரு நினைப்பால்தான்.

ஓடு பல்லுக்குக் காவல். எறும்புக்குக் காவல் இல்லை. ஈக்கும் காவல் இல்லை.

நம் ஊர் மீன் கடைகளில் பச்சை ஓடும் காதோரம் சிவப்புக் கோடுமாக விற்கிறார்களே, அந்தச் சிவப்புக் காது ஆமையையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிலிருந்து வந்த புதிதில் அது சுமார் 3 செ.மீ. நீளம்தான் இருக்கும். ஓடு இன்னும் முற்றியிருக்காது. தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொள்ளுமே தவிர, வாசலை மூடிக்கொள்ள அதனால் முடியாது. அடி ஓட்டில் கீல் வைத்து மூடிக்கொள்ளும் ஆமைகள் அமெரிக்காவில் இருக்கின்றன. அவற்றிலும் குட்டிகளுக்கு அந்தக் கீல் வேலை செய்யாது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வால் அடி என்று எல்லாம் மெல்லிய தோல். அத்தனையும் திறந்த வாசல்.

சென்னைப் புறநகரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், பாவம், அவர்கள் வேதனை அவர்களுக்கு.

பெண் குழந்தை கேட்டாள் என்று வாங்கிய குட்டி ஆமை. பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் டப், நடுவில் ஏறி உட்கார ஒரு கல். சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர வேண்டும். முங்கிவிடக் கூடாதே என்று அப்பா தண்ணீரைக் குறைத்து வைத்தார். பட்டினி கிடக்கக் கூடாதே என்று அம்மா காய்ந்த இறாலை இரண்டு நாளைக்கும் சேர்த்துக் கல் மேலேயே போட்டுவிட்டுக் கிளம்பினாள். இரண்டுமே பாசத்தில் செய்ததுதான். இரண்டுமே வினையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் நல்ல மழை. தரையில் இருந்த புற்றில் தண்ணீர் புகுந்ததும் எறும்புகள் மேடு தேடி ஏறின. பைப் வழியாகப் பால்கனிக்கு வந்தன. இறால் வாடை இழுத்தது. டப் சுவரை ஒட்டியே இருந்ததால் விளிம்புக்கு ஏற வழி இருந்தது. காற்றில் விழுந்த ஒரு வேப்பங்கொத்து விளிம்பிலிருந்து கல்லுக்குப் பாலம் போட்டுக்கொடுத்தது. குட்டி கல்லின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தது பாட்டிதான். "ஏம்மா, இதோட கண்ணு மேல என்னடி செவப்பா ஒட்டிட்டிருக்கு?" என்று கூப்பிட்டிருக்கிறார். இரண்டு கண்ணும் வீங்கி மூடிப்போயிருந்தன. கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் நடுவில் உள்ள தோல் மடிப்பில் எறும்புகள் தலையைப் புதைத்துக் கடித்தபடி இருந்தன. சில அந்த நிலையிலேயே செத்திருந்தன, பிடி மட்டும் விடவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த நாள் போய்விட்டது.

"அது ஏன்ப்பா கத்தல?" என்று கேட்டாளாம் அந்தக் குழந்தை.

ஆமை கத்தாது. இதை மனசில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் என்றால் ஊளையிடும், பூனை என்றால் வீட்டையே கூட்டும். பக்கத்து அறையில் நீங்கள் படுத்திருந்தாலும் உங்கள் ஆமை சாவது உங்கள் காதில் விழாது. ஆபத்து என்றால் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, உள்ளே இழுத்துக்கொள்வது. கழுத்தில் எறும்பு இருக்கும்போது இழுத்துக்கொண்டால் என்ன ஆகும்? எறும்பையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. உடம்பு குளிர்ந்திருக்கும் ராத்திரி நேரத்தில் அது வேகமாக ஓடவும் முடியாது.

எல்லா எறும்பும் இப்படிச் செய்யாது. பிள்ளையார் எறும்பு வந்தால் சாப்பாட்டுத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். சுருக்கென்று கொட்டும் சிவப்புச் சுள்ளெறும்புதான் கொலைகாரன். அதில் நெருப்பெறும்பு வகை ஒன்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் சரக்கோடு ஊர் ஊராகப் பரவி நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு, வால் பக்கக் கொடுக்கால் திரும்பத் திரும்பக் குத்தும். ஒன்று குத்தினால் நமக்கே எரிகிறது. நூறு குத்தினால் 3 செ.மீ. உடம்பு தாங்குமா?

மாமரத்தடியில் தொட்டி வைத்திருக்கிறீர்களா? மேலே முசுறு கூடு இருக்கிறதா பாருங்கள். முசுறு கொட்டாது, கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலைக் காட்டோரக் கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகியது ஞாபகம் இருக்கிறதா? ஆடு மாடுகளின் கண்ணே கெட்டுப்போகிறது என்று ஜனங்கள் அழுதார்கள். அதுவும் அமிலம் பீய்ச்சும் எறும்புதான். இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றதும் அதே எறும்புதான். நண்டுக்கும் ஓடு உண்டு. மறந்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தார்கள். தென் அமெரிக்காவின் நெருப்பெறும்பு ஒன்று 1930-களில் அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகம் வழியாக உள்ளே நுழைந்து தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. அங்கே தோட்டத்தில் ஆமை வளர்ப்பவர்கள் இன்றைக்கும் முதலில் பயப்படுவது அதற்குத்தான். ஆமைக் குட்டி முட்டையைக் கீறியதும் வெளியே குதித்துவிடாது. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு உள்ளே இழுபடும்வரை ஒரு நாளோ அதற்கு மேலோ உடைந்த ஓட்டுக்குள்ளேயே கிடக்கும். அந்த ஈர வாடைக்கு எறும்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும். உங்கள் ஆமை தொட்டி மண்ணில் முட்டை இட்டிருந்தால் "இயற்கையா பொரிக்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். விட்டால் பொரிக்கிற நாளில் எறும்புதான் முதலில் வந்து நிற்கும்.

அடுத்தது ஈ. இது எறும்பைவிட மோசம் என்பேன். எறும்பு குட்டியைத்தான் கொல்லும். ஈ கையகல ஆமையையும் கொல்லும்.

மாட்டுப் புண்ணில் புழு வைத்துவிட்டது என்று கிராமத்தில் சொல்வார்களே, அதே கதைதான். ஓட்டில் சின்னக் கீறல், நாய் பல் பட்ட இடம், வாலடியில் ஒட்டிய மலம், வெளியே தள்ளிய ஆசனவாய், இதில் ஏதாவது ஒன்று போதும். பச்சையாய்ப் பளபளக்கும் ஈ வந்து உட்காரும். முட்டைகள் 1 மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளையாய்க் கொத்தாக ஒட்டியிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு ஒரே நாளில் புழுவாகிவிடும். சாம்பல் கோடு போட்ட சதை ஈ முட்டைகூட இடாது, உயிருள்ள புழுவையே நேராகப் போட்டுவிட்டுப் போய்விடும். இன்னொரு வகை ஈயின் புழு அழுகிய சதையைச் சீந்தாது, உயிருள்ள நல்ல சதையைத்தான் தின்னும். ஆடு மாடுகளைப் பாடாய்ப் படுத்துகிற அந்த ஈ நம் நாட்டிலும் உண்டு.

காலையில் பார்த்தபோது ஒரு கீறல். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் அந்தக் கீறலுக்குள் ஏதோ அசையும். புழுக்கள் தலையை உள்ளே விட்டு, மூச்சுவிட வால் நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுக்கு அடியில் எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்பது வெளியே தெரியவே தெரியாது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. மழைக்கால ராத்திரிகளில் விளக்கு வெளிச்சத்துக்குப் பறந்து வந்து பொத்தென்று விழும் தட்டையான பழுப்பு நிறப் பெரிய பூச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? ராட்சத நீர்ப்பூச்சி. நம் நாட்டு வகை 6 முதல் 8 செ.மீ. வரை வளரும். உங்கள் குட்டி 3 செ.மீ. முன்னங்காலால் கட்டிப் பிடித்து, ஊசி வாயைக் குத்தி, சதையைக் கரைக்கும் எச்சிலைச் செலுத்தி உறிஞ்சும். மீனையும் தவளையையும் தின்னும் பூச்சி இது. ஜப்பானில் இதன் உறவுக்காரப் பூச்சி ஒன்று குட்டி ஆமையைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்து, 2011-இல் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். ஏரி, குளம், வயல் பக்கத்தில் வீடு. மொட்டை மாடியில் திறந்த தொட்டி. மேலே பளிச்சென்று ஒரு விளக்கு. இந்த மூன்றும் உங்கள் வீட்டில் இருந்தால் தொட்டிக்கு இன்றைக்கே வலை போடுங்கள்.

சரி, ஆபத்து வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஆமையே சொல்லும், நாம்தான் கவனிப்பதில்லை. கண் வீங்கி மூடியிருக்கும். முன்னங்காலால் முகத்தைத் திரும்பத் திரும்பத் துடைக்கும். வழக்கமாக ஆளைப் பார்த்தால் சாப்பாட்டுக்கு நீந்தி வருகிற ஆமை, ஒரு மூலையில் தலையை இழுத்துக்கொண்டு கிடக்கும். கால் இடுக்கில் தோல் சிவந்து சின்னச் சின்னத் தடிப்புகள் தெரியும். ஒரே இடத்தில் ஈ திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தால் அதை விரட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். அங்கே ஏதோ புண் இருக்கிறது, கண்டுபிடியுங்கள். தோலில் ஒரு வீக்கம், அதன் நடுவில் சின்னத் துளை, துளையைச் சுற்றிக் கறுப்பாகக் காய்ந்திருக்கிறதா? உள்ளே புழு இருக்கலாம்.

துர்நாற்றம் அடித்தால் நாள் தள்ளாதீர்கள். அப்போதே ரொம்பத் தாமதம்.

உடம்பு சரியில்லாத ஆமையைத்தான் இவை முதலில் குறி வைக்கும். சளி பிடித்து நீந்த முடியாமல் கரையிலேயே கிடக்கும் ஆமையை "வெயில் காயட்டும்" என்று மாடியில் விட்டுவிட்டு ஆபீஸ் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதை வீட்டுக்குள் வையுங்கள்.

காவல் போடுவது ஒன்றும் கஷ்டமில்லை. நம் பாட்டிமார் சமையலறை அலமாரியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினார்களே, அதையேதான் செய்ய வேண்டும். தொட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் ஏற்றுங்கள். ஸ்டூல் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கட்டும். கிண்ணத்துத் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள், எறும்பு மேலே நடக்க முடியாமல் முங்கிவிடும். ஆமைத் தொட்டித் தண்ணீரில் அல்ல, கிண்ணத்தில் மட்டும்! இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். தூசி படிந்து ஆடை கட்டினால் அதன் மேலேயே எறும்பு நடந்து போகும். தண்ணீர் தேங்கினால் கொசுவும் வரும்.

பிறகு, பாலம் இருக்கக் கூடாது. சுவரைத் தொடக் கூடாது, கொடித்துணி மேலே உரசக் கூடாது, செடிக் கிளை சாயக் கூடாது. எல்லாரும் கோட்டை விடுவது ஃபில்டர் வயரில்தான். நாலு காலுக்கும் கிண்ணம் வைத்துவிட்டு, வயரைச் சுவர் பிளக்கிலிருந்து நேராகத் தொட்டிக்கு இழுத்திருப்பார்கள். எறும்புக்கு அது ராஜபாட்டை. வயரில் ஒரு விரல் அகலத்துக்கு வாஸலைனைத் தடித்துத் தடவுங்கள், தூசி ஒட்டியதும் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள்.

மேலே கொசுவலை. கம்பி வலை காக்காவைத் தடுக்கும், ஈயைத் தடுக்காது. கொசுவலையை இழுத்துக் கட்டி அதன் மேல் கம்பி வலையைப் போடுங்கள்.

சாப்பாட்டைத் தொட்டியிலேயே போடாமல் தனிப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, ஆமையை அதில் இறக்கி ஊட்டுவது உத்தமம். அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இறால், கருவாட்டுத் துணுக்கு மிச்சம் கல்லில் கிடக்கவே கூடாது.

இப்போது சொல்லப்போவதை இரண்டு தடவை படியுங்கள்.

எறும்பு மருந்து அடிக்காதீர்கள். எறும்புச் சாக்பீஸால் தொட்டியைச் சுற்றிக் கோடு போடாதீர்கள். எறும்புப் பொடி தூவாதீர்கள். ஸ்பிரே வேண்டவே வேண்டாம். அந்த விஷம் ஆவியாகவும் தூசியாகவும் தண்ணீரில் இறங்கும், ஆமை அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, அதைத்தான் குடிக்கிறது. எறும்பைக் கொல்லப் போய் ஆமையைக் கொன்றுவிடாதீர்கள். புற்று எங்கே என்று தேடிப் பிடித்து, ஆமையை அப்புறப்படுத்திவிட்டுக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள்.

புழு வைத்துவிட்டால் மாட்டுக்குச் செய்கிற வைத்தியத்தை இதற்குச் செய்யாதீர்கள். டர்பன்டைன் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். கற்பூரப் பொடி வைக்காதீர்கள். புழுக்கொல்லிப் பொடியைக் கொட்டாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: ஐவர்மெக்டின்!

நாய்க்கும் மாட்டுக்கும் சர்வ சாதாரணமாகப் போடும் ஊசி இது. ஆமைக்குப் போட்டால் கை கால் விழுந்து, மூச்சு நின்று செத்துப்போகும். ஆமைகளுக்கு ஐவர்மெக்டின் கூடாது என்பது ஊர்வன பார்க்கும் டாக்டர்களுக்கு அரிச்சுவடி. ஆனால் மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. யார் எழுதிக் கொடுத்தாலும், "இதில் ஐவர்மெக்டின் இருக்கா சார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்வரை நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எறும்பு மொய்த்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள், தலையை முக்காதீர்கள். சோர்ந்துபோன ஆமை முங்கிச் சாகும். கவ்விக்கொண்டிருப்பவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். கண், மூக்கு, வாலடி, நாலு கால் இடுக்கு, ஒன்றையும் விடாதீர்கள். புழு என்றால் போவிடோன் அயோடினை லேசான டீத்தண்ணி நிறத்துக்குக் கலக்கி, ஊசி மாட்டாத சிரிஞ்சால் புண்ணைக் கழுவுங்கள். தெரிகிற புழுவை எடுங்கள். உள்ளே இருப்பதைக் குத்திக் கிளறாதீர்கள். அதற்கப்புறம் ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் விடாமல், ஈரம் பிழிந்த சுத்தமான துணி விரித்த பெட்டியில், ஈ நுழையாதபடி வலை மூடி, வீட்டுக்குள் வையுங்கள். உங்கள் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், குழந்தைகள் கையையும்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. உங்களிடம் இருப்பது நட்சத்திர ஆமையோ, கிணற்றிலும் குளத்திலும் பிடித்த நம் நாட்டு ஆமையோ என்றால் அதை வைத்திருப்பதே 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாட்டிக்கொள்வோமே என்று பயந்து டாக்டரிடம் காட்டாமல் ஒளித்துவைத்தே நிறைய ஆமைகளைப் புழு தின்னக் கொடுத்துவிடுகிறார்கள். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சிவப்புக் காது ஆமை என்றால், பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்று ஏரியில் விட்டுவிடவும் கூடாது. அது நம் நீர்நிலைக்கு அந்நியம், இங்குள்ள ஆமைகளின் வாழ்வைக் கெடுக்கும்.

ஆமை பார்க்கும் டாக்டர் எல்லாத் தெருவிலும் இருக்க மாட்டார். நாய் பூனை பார்க்கிறவர் எல்லாரும் ஆமையைத் தொட மாட்டார்கள். உங்கள் ஊரில் யார் பார்க்கிறார் என்று இன்றைக்கே விசாரியுங்கள். சென்னைக்காரர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். நம்பரை வாங்கி, போனில் மட்டும் வைக்காமல் தொட்டிக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் தண்ணீர் மாற்ற வருகிற பக்கத்து வீட்டு அக்காவின் கண்ணிலும் அது பட வேண்டும்.